பம்புக்குப் போர்த்திய போர்வைகள்

கடுங்குளிர் வந்தால் எங்கள் டெக்ஸாஸ்காரர்கள் முதலில் ஓடுவது பிள்ளைகளிடம் அல்ல, நீச்சல் குளத்துப் பம்பிடம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைக்குக் குளிரெடுத்தால் அழும். பம்பு வாய் திறக்காது. உள்ளே தண்ணீர் உறைந்து, வெடித்துத் தொலையும். அதனால் பழைய கம்பளி, மெத்தை விரிப்பு, கார் உறை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் அதற்குச் சுற்றுவோம். எதிர்வீட்டு வெர்னன் தன் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டையே அதற்கு மாட்டிவிட்டான். "எனக்குத்தான் பொத்தான் எட்டல. பம்புக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு பாரு" என்றான்.

ஆகவே டேட்லாக் தம்பி, ஷெரீஃபின் காவல் அலுவலகத்தில் என்னை உட்கார வைத்து, "போர்வைகளை ஏன் எடுத்தீங்க?" என்று நீங்கள் கேட்பது எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது.

என் மச்சான் டெல்மரைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவி நோரீனின் அண்ணன். ஒரு வாரம் தங்க வந்தவன், குளத்தோரத்து அறையில் மூன்று கோடைகளைக் கழித்தான். பன்றி விலா எலும்பைச் சப்பிக்கொண்டே குளத்தில் இறங்குவான். சப்பி முடித்த எலும்பைத் தண்ணீரில் நழுவ விடுவான். புகையிலை எச்சிலும் தண்ணீரில்தான். குளத்துத் தண்ணீரை வடிகட்டும் கூடையைத் திறந்தால் எலும்பு, கால் நகம், காது குடைந்த பஞ்சு எல்லாம் இருக்கும். ஒருநாள் அவனுடைய பல்செட்டின் கீழ்வரிசையும் இருந்தது. நான் அதை எலும்போடு சேர்த்து நீட்டினேன். கழுவாமலே வாயில் போட்டு நாக்கால் தடவிப் பார்த்து, "உப்பு கொஞ்சம் கம்மி, மாப்ள" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது. நான் சுத்தம் பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில், தான் சிந்திய கொழுப்பில் தானே வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். தொடைவரை மாவுக்கட்டு. உள்ளே அரித்தால் இறைச்சி குத்துகிற முள்கரண்டியை விட்டுச் சொறிவான். அதே முள்கரண்டியால் தொத்திறைச்சியைக் குத்தி, "ஒரு கடி கடிக்கிறீங்களா?" என்று உபசரிப்பான்.

பிறகு அந்தப் பனிப்புயல் வந்தது. நோரீன் எங்கள் மகளின் பிரசவத்துக்காக ஹூஸ்டன் போயிருந்தாள். காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. ஆட்கள், செல்லப் பிராணிகள், குழாய்கள், செடிகள், எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த வரிசையில்தான் சொன்னார்கள். வரிசை அவரவர் வசதி.

நோரீன் போனில் கூப்பிட்டாள். "என்னங்க, அண்ணன் ரூம்ல ஹீட்டர் ஓடாதே. வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து விறகடுப்புப் பக்கத்துல படுக்க வைங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டேன்.

மதியம் அவன் அறைக்குப் போனேன். வீட்டிலிருந்த போர்வைகள் எல்லாம் அவன்மேல்தான் கிடந்தன. மேலே இருந்ததை உருவினேன்.

"என்ன மாப்ள?"

"பம்புக்கு வேணும், மச்சான்."

"அப்ப எனக்கு?"

"உனக்குத்தான் மூணு வருஷமா ஏத்தின கொழுப்பு இருக்கே."

இருவரும் சிரித்தோம். இரண்டாவது போர்வைவரை அவன் சிரித்தான்.

போர்வைகளுக்கு மேலே தார்ப்பாய் கட்ட வேண்டும். முட்டுக் கொடுக்கக் கம்பு வேண்டும். அவனுடைய ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன; உயரமும் சரியாக இருந்தது. எடுத்துக்கொண்டேன். காற்றில் கதவு திறந்துகொண்டால் அவனுக்குக் குளிருமே என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

"விளையாட்டு போதும், மாப்ள" என்று ஒரு குரல் கேட்டது. அன்றைக்குக் காற்று பலமாக வீசியது. காற்றில் பல குரல்கள் கேட்கும். நான் வீட்டுக்குள் வந்து, விறகடுப்பில் பீன்ஸைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். வெகுகாலத்துக்குப் பிறகு குமட்டாமல் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் பம்பைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பிறகு டெல்மரைப் பார்த்தேன். கதவுவரை தவழ்ந்து வந்திருந்தான். விறைத்துப் போயிருந்தான். தாழ்ப்பாள் இருந்த இடத்துக்கு நேராக, கதவின் உட்புறம் முள்கரண்டியால் சுரண்டிய தடம். புதுப் பெயின்ட், தம்பி.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். "ஐயா, கரண்ட் போனா பம்போட அடிமூடியத் திருகித் தண்ணிய வடிச்சுட்டா போதும். காலிப் பம்புல எது உறையும்? என் சின்னப் பொண்ணுக்கே தெரியும். உங்களுக்குத் தோணலையா?"

தோன்றாமல் என்ன? காலையில் மின்சாரம் போனதும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துவிட்டுத்தான் போர்வை எடுக்கப் போனேன்.

அப்படியென்றால் அவன் கத்தியபோதாவது போர்வைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருப்பேன். ஆனால் அதற்குள் அவற்றில் சேறு பட்டுவிட்டது. அழுக்குப் போர்வையை ஒரு மனிதன்மேல் போர்த்துகிற ஆள் நான் இல்லை.