கிளட்ச்மேல் ஒரு மரத்துண்டு

மேடும் பள்ளமும் மனப்பாடமாய் அறிந்தவரே, மழையிலும் மணி தவறாதவரே, எங்கள் பணிமனையின் முதல் பெண் ஓட்டுநரே, இன்று பணி ஓய்வு பெறும் அன்புக்குரிய அக்கா! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

உங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால், “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று எழுந்து போய்விடுவீர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்த மடலை வேறு யாரோ ஒருவருடைய கதையைப் போல வாசிக்கிறோம். நீங்களும் எங்களோடு உட்கார்ந்து கேளுங்கள்.

இதே பணிமனைக்குப் பேருந்து கழுவும் வேலைக்கு ஓர் இளம்பெண் வந்தார். சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவருடைய இடது காலைக் குட்டையாக்கிவிட்டுப் போயிருந்தது. வாளியைத் தூக்கி நடந்தால் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தும். அதற்கும் சேர்த்து இன்னொரு நடை நடப்பார். உள்ளே துடைக்கும்போது ஓட்டுநர் இருக்கையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வார். துடைத்து முடித்ததும் அதில் ஏறி உட்காருவார். ஸ்டீயரிங்கைப் பிடிப்பார், கியரைத் தொடுவார், கிளட்சுக்குக் கால் நீட்டுவார். கால் எட்டாமல் காற்றில் நிற்கும்.

பேருந்து ஓட்டவேண்டும் என்ற ஆசையை வீட்டில் சொன்னபோது அவருடைய அண்ணன் சிரித்தார். “நடக்கும்போதே ஒரு பக்கமா சாயுற. நீ ஓட்டினா வண்டியும் சாயும். ஏறுறவங்க பாவம் இல்லையா?” என்றார். தங்கை சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த லாரியில் இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்ள முடிந்தது. கனரக வண்டிக்கான உரிமமும் கைக்கு வந்தது. ஆனால் எங்கள் பழைய பேருந்துகளின் இருக்கை தரையோடு பற்றவைத்தது. யார் கெஞ்சினாலும் நகராது.

அப்போதுதான் பெரிய மெக்கானிக் ஒரு மரத்துண்டைச் செதுக்கி, பழைய டயர் ரப்பரை அதன்மேல் ஒட்டி, கிளட்ச் மிதியோடு தோல் வாரால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கால் எட்டியது. பணிமனை வளாகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அக்கா பழகினார். ஓட்டுநர் வேலைக்காக வண்டியை ஓட்டிக் காட்டும் தேர்வு நெருங்கியபோது மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். தேர்வு அதிகாரி இடப்பக்கம் உட்காருவார்; நடுவில் எஞ்சின் மூடி மலைபோல நிற்கிறது; மிதி அவர் கண்ணில் படாது. கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்றார்.

தேர்வு நாள் வந்தது. தங்களில் ஒருத்தி ஓட்டப்போகிறாள் என்ற பூரிப்பில் கழுவும் பிரிவுப் பெண்கள் அந்தப் பேருந்தைத் தேய்த்த தேய்ப்பில் பழைய பெயின்ட்டே கொஞ்சம் உதிர்ந்தது. மிதிக்குக் கீழே சேர்ந்த அழுக்கு மட்டும் நிற்கலாமா? வாரை அவிழ்த்தார்கள், மரத்துண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், சுற்றுச்சுவர்மேல் வெயிலில் காயவைத்தார்கள். அங்கேயே மறந்தும் போனார்கள்.

அதிகாரி ஏறி உட்கார்ந்தார். அக்கா கால் நீட்டினார். பழையபடி காற்று. இடுப்பை நகர்த்தி, நுனிக்காலால் மிதித்து எப்படியாவது கிளப்பிவிடலாம்தான். ஆனால் வாசலைத் தாண்டினால் பாலத்துச் சரிவு; அங்கே நுனிக்கால் தாங்காது. கீழே இறங்கினால், மறைக்க நினைத்தது அதிகாரிக்குத் தெரிந்துவிடும். அத்தோடு ஓட்டுநர் வேலையும் போகலாம்.

அக்கா இறங்கினார். எல்லோரும் பார்த்திருக்க, சாய்ந்து சாய்ந்து முற்றத்தைக் கடந்து சுவர்வரை நடந்தார். மரத்துண்டை எடுத்து வந்து மிதியில் கட்டி வாரை இறுக்கினார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: “சார், என் கால் இவ்வளவுதான். மிச்சம் இது. ரெண்டும் சேர்ந்துதான் வண்டி ஓட்டும்.”

“ஓடும்போது கழண்டுக்கிச்சுன்னா?” என்று அதிகாரி கேட்டார்.

“வாரை இழுத்துப் பாக்காம வண்டியை எடுக்கமாட்டேன் சார். இப்பவும் எடுக்கலையே.”

அதிகாரி பாலத்துக்குப் போகச் சொன்னார். சரிவின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் பேருந்து மேலேறியது. திரும்பி வந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “இந்த வாரை எடுத்துட்டு நல்ல போல்ட்டாப் போட்டுக் குடுங்க.”

அக்கா, அந்தக் கதை இதோடு முடியவில்லை என்பதை நீங்களே அறிவீர்கள். முதல் நாள் நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் ஏறியதைப் பார்த்துச் சிலர் இறங்கிப்போனார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரத்துக்கு வண்டியை எடுத்தீர்கள். சில மாதங்களில் அவர்களே உங்கள் வண்டிக்காக மற்ற வண்டிகளைப் போகவிட்டு நின்றார்கள். வண்டி சாயும் என்று சொன்ன அண்ணன் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். உங்கள் பேருந்தில் முதல் இருக்கையைத் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்ததை நாங்கள் கண்டதில்லை. பேருந்துகள் மாறின, அந்த மரத்துண்டும் புது ரப்பர் போட்டுக்கொண்டு உங்களோடு வண்டிக்கு வண்டி மாறியது.

இனி அலாரம் வைக்காமல் தூங்குங்கள். வலித்த காலுக்கு ஓய்வு கொடுங்கள். நலமும் நெடிய ஆயுளும் பெற்று, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பாருங்கள்.

நினைவுப் பரிசாக அந்த மரத்துண்டையே கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தரலாம் என்று எண்ணியிருந்தோம். புதிதாகத் தேர்வாகியிருக்கும் குள்ளமான பெண் ஓட்டுநர் விடவில்லை. “அக்காவுக்கு வேற ஏதாச்சும் குடுங்க. இது நாளைக்குக் காலைல எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டார். பொறுத்தருள்க அக்கா, உங்களுக்கு இந்த மடல் மட்டும்தான். மரத்துண்டு வேலையில் இருக்கிறது.

உங்கள் ஹாரன் ஒலி கேட்டே கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட,
கழுவும் பிரிவு முதல் கட்டுப்பாட்டு அறை வரையிலான
பணிமனைத் தோழர்கள் அனைவரும்