தப்பு டீச்சரின் கட்டுரையில் மூன்று பெயர்கள்

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கண் கலங்க அமர்ந்திருக்கும் மேடத்தின் கணவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். மறைந்த நம் இயற்பியல் பேராசிரியரோடு ஒரே அறையில் பதினெட்டு வருடம் மேசை போட்டிருந்தவன் நான். அழுதுவிட்டுப் போகத்தான் வந்தேன். இதுவரை பேசியவர்களைக் கேட்ட பிறகு ஆத்திரம்தான் வருகிறது.

ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள். இருந்தபோது அவரை என்ன செய்தோம்? சிறந்த ஆசிரியர் விருதுக்கு விண்ணப்பித்தார். "மேடம் ஆராய்ச்சிக்காரங்க. பாடம் நடத்துறவங்களுக்குக் கொடுப்போம்" என்றது குழு. மறுவருடம் சிறந்த ஆய்வாளர் விருதுக்கு விண்ணப்பித்தார். "எப்பப் பார்த்தாலும் முதல் வருஷப் பிள்ளைங்களோடயே இருக்காங்க, இவங்க என்ன ஆராய்ச்சி பண்ணப் போறாங்க?" என்றது அதே குழு! இரண்டிலும் கெட்டிக்காரராக இருந்ததா அவர் செய்த குற்றம்? அந்தக் குழுவில் நானும் இருந்தேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மாணவர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் 'தப்பு டீச்சர்'. தப்பான விடையைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவருக்கோ முகம் மலரும். "சார், இதப் பாருங்க, எவ்வளவு அழகா தப்புப் பண்ணியிருக்கா!" என்று விடைத்தாளோடு என் மேசைக்கு ஓடி வருவார்.

ஒருமுறை, வெந்நீர் ஆறும் வேகத்தை அளக்கும் சோதனையில் மூன்று மாணவிகளின் கணக்கு மட்டும் உதைத்தது. மேடம் பூஜ்யம் போட்டார். வீட்டுக்குப் போனவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அதே பாத்திரத்தில் தானே செய்து பார்த்தார். அதே அளவுதான் வந்தது! பாத்திரத்தின் உட்புறம் படிந்திருந்த உப்பு, சூட்டை வெளியே விடவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும், "நீங்க செஞ்சது சரி, நான் போட்டதுதான் தப்பு. மன்னிச்சிடுங்கம்மா" என்றார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தை வாயில் வரும்?

அந்த உப்புப் படிவை இரண்டு வருடம் ஆராய்ந்தார். மூன்று பெண்களும் விடுமுறையிலும் கூட நின்று அளந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி கட்டுரையை முடித்தவர், தன் பெயருக்கு முன்னால் அந்த மூவரின் பெயர்களை எழுதினார்.

அவர் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. துறையில் ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது. அவர் நினைவாகக் கட்டுரையை ஆய்விதழுக்குத் துறையே அனுப்புமாம். இளங்கலை மாணவிகள் பெயர் இருந்தால் மதிப்பு இருக்காதாம், அதனால் நீக்கப்படுமாம். நீக்கிய இடத்தில் யார் பெயர்? துறைத் தலைவர் பெயர்! அடுத்து என் பெயர்! அந்தப் பாத்திரத்தை நான் தொட்டதுகூட இல்லையே ஐயா! ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷம்.

துறைத் தலைவர் அவர்களே, முறைக்காதீர்கள். இன்று காலை என் கையெழுத்தை அடித்துவிட்டேன். மேடத்தின் கணவர் தந்த மூலப்படியை, அவர் சம்மதத்தோடு, ஒரு பெயரும் மாறாமல் அனுப்பிவிட்டேன். விசாரணை வையுங்கள், வருகிறேன்.

மேடம், நாளை முதல் உங்கள் முதலாம் ஆண்டு வகுப்பை நான் எடுக்கிறேன். தப்பான விடையைச் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிவிட மாட்டேன். இது என் வாக்கு.

அந்த மூன்று பெண்களும் கதவோரம் நிற்கிறார்கள். இங்கே பேசுவோர் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருக்கிறது. மேலே வாங்கம்மா. நான் இறங்கிக்கொள்கிறேன்.