கத்தல் சோதனை

இந்தச் சன்னலின் கொக்கி சரியாக விழவில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் தட்டுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். இன்வெர்கார்கில்காரர்களுக்குக் காற்று காதில் விழாது என்பார்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்தவள், எனக்கு விழும். ஒரு காகிதத்தை மடித்துச் செருகிக்கொள்ளட்டுமா?

நன்றி. இப்போது பேசலாம்.

நான் வந்தது ரவிரிக்காக. ஆர்ச்சி கில்ராயின் சாவுக்கு அவன்தான் பொறுப்பு என்று நீங்கள் விசாரித்து முடிவுக்கு வந்துவிட்டதாக எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்த இயந்திரத்தை அழிக்கச் சம்மதம் கொடுத்தது அவன்தான், அது உண்மை. ஆனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போவேனோ என்று அவன் மனைவியிடம் கேட்டானாம். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் குளிரூட்டிய அறை ஒன்று இருக்கிறது. பெரிய கணினிகள் வரிசையாக நிற்கும், எல்லாம் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. அவற்றுக்குள் நான் சிறிய கணினிகளை உண்டாக்குவேன். மெய்நிகர் இயந்திரங்கள் என்பார்கள். கையால் தொட முடியாது, ஆனால் தனிக் கணினி செய்யும் எல்லா வேலையையும் செய்யும். ஒரே வீட்டைத் தடுப்புப் போட்டு நாலைந்து குடித்தனம் வைப்பதுபோல. பால் கூட்டுறவுக்கு ஒன்று, இறைச்சித் தொழிற்சாலைக்கு ஒன்று, நகரசபைக்குச் சில. உண்டாக்குவது பெரிய வேலையில்லை. அதன்பிறகு பார்த்துக்கொள்வதுதான் வேலை.

என் மேசைக்கு எதிரே சுவரளவு ஒரு திரை. இயந்திரத்துக்கு ஒரு கட்டம். எல்லாம் சரியென்றால் பச்சை. ஏதாவது பதிலுக்குக் காத்திருந்தால் மஞ்சள். விழுந்துவிட்டால் சிவப்பு. வாரம் முழுக்கப் பச்சையாகவே இருந்தால் எங்கள் மேலாளர் கேவின் வெள்ளிக்கிழமை சீஸ் ரோல் வாங்கி வருவார். வெண்ணெய் தடவிச் சுடச்சுட. சின்ன விஷயம்தான். ஆனால் நான் பார்த்த வேலைக்கு வேறு யாரும் எதையும் வாங்கி வந்ததில்லை.

இயந்திரங்களுக்கு நாங்கள் பறவைகளின் பெயர் வைப்போம். எனக்கு முன்பிருந்தவர்கள் தொடங்கிய பழக்கம். கியா, வெக்கா, டூயி. இவற்றில் ரூரூ என்று ஒன்று இருந்தது. ரூரூ என்றால் ஆந்தை, உங்களுக்குத் தெரியும். அதை உண்டாக்கியது யார், யாருக்காக என்று எங்கும் குறிப்பில்லை. அது என் திரையில் கீழ்வரிசை ஓரத்தில் இருந்தது. ஒரு நாளைக்குப் பலமுறை மஞ்சளாகும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு பச்சை. பிறகு மறுபடியும்.

வேறு ஒருவர் அதைப் பார்க்கவே மாட்டார். நான் திரையைப் பார்க்காமல் தேநீர் குடித்தால்கூட அந்த ஓரம் மாறியது எனக்குத் தெரியும். பல்லில் மாட்டிய நார்போல. எழுந்து நடப்பேன், உட்காருவேன், சரியாகிவிட்டதா என்று பார்ப்பேன். வீட்டிலும் அப்படித்தான். சமைக்கும்போது அடுப்பை விட்டுவிட்டுக் கைபேசியில் திரையைத் திறந்து பார்ப்பேன்.

"என்ன ஃபியோனா, உன் ஆந்தை இன்னைக்கும் கண்ணை உருட்டுதே. அப்போ சீஸ் ரோல் கெடையாது போல," என்பார் கேவின்.

ரவிரி சிரிப்பான். என்னைவிட இளையவன், என்னைத் தலைவி என்று கூப்பிடுவான். "அந்தக் கட்டத்தை மட்டும் திரையிலேருந்து எடுத்துடு தலைவி. கண்ணுல படாம போயிடும்."

எடுக்க மாட்டேன் என்றேன். மஞ்சளாக இருப்பதை மறைத்துவிட்டு எல்லாம் பச்சை என்று காட்டுவது பொய். என் திரையில் பொய் இருக்கக் கூடாது.

"எங்க வீட்டுப் பக்கம், ரூரூ சன்னல் கிட்ட வந்து கத்துனா யாரோ போகப் போறாங்கன்னு சொல்லுவாங்க," என்றான் அவன்.

"கத்தாம இருந்தா?"

"கத்தாம இருந்தா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

கோடையின் தொடக்கத்தில் இடம் போதவில்லை, யாருக்கும் சொந்தமில்லாத இயந்திரங்களைக் கழித்துவிடலாம் என்று கேவின் சொன்னார். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. கத்தல் சோதனை என்று பெயர். சொந்தக்காரர் யார் என்று எல்லோருக்கும் எழுதிக் கேட்பீர்கள். பதில் வராவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் காத்திருப்பீர்கள். யாருக்காவது அது தேவையென்றால் அவர் கத்துவார். கத்தினால் மறுபடியும் ஓடவிடுவீர்கள். ஒருவரும் கத்தாவிட்டால் அழித்துவிடலாம். உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் செய்வதுதான். நான் கண்டுபிடித்ததில்லை.

ரூரூ யாருடையது என்று எழுதிக் கேட்டேன். யாரும் பதில் போடவில்லை.

நிறுத்துவதற்கு முன்னால் உள்ளே திறந்து பார்த்தேன். அது கட்டாயமில்லை, பலர் பார்ப்பதில்லை. நான் ஒழுங்காகச் செய்பவள். உள்ளே வையாவ் ஆற்றுப் பக்கத்து வீடுகள் இருந்தன. தனியாக இருக்கும் முதியவர்கள். கழுத்தில் ஒரு பொத்தான், சுவரில் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் பெட்டி வழியாக ரூரூவுக்கு அழைப்பு வரும், கழுத்திலிருக்கும் அதிலேயே பேசலாம், கேட்கலாம். ரூரூ அதை அங்கிருக்கும் தன்னார்வ ஆம்புலன்ஸ்காரர்களின் தொலைபேசிக்குத் தள்ளிவிடும். அவர்கள் எடுக்கும்வரை மஞ்சள். எடுத்ததும் பச்சை. முதியோர் அறக்கட்டளை ஒன்று எப்போதோ தொடங்கியது. மற்ற எல்லோரையும் புதிய ஏற்பாட்டுக்கு மாற்றிவிட்டு, கைபேசி எட்டாத அந்தப் பள்ளத்தாக்கை மட்டும் பழையபடி விட்டுவிட்டார்கள். பிறகு மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அழைப்புகளின் குரலும் பதிவாகியிருந்தது. கொஞ்சம் கேட்டேன். பாதிக்கு மேல் ஒரே ஆள். "ஆர்ச்சி பேசறேன்பா. மறுபடியும் மெக்தான். மடியில ஏறிப் பொத்தானை மிதிச்சுட்டா. தொந்தரவுக்கு மன்னிக்கணும்." மெக் அவருடைய நாய். அடுத்த முனையில் இருப்பவர், "இருக்கட்டும் ஆர்ச்சி, மெக்குக்கு ஒடம்பு தேவலையா?" என்பார். இருவரும் சிரிப்பார்கள். அதற்குத்தான் என் திரை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒரு நாய்க்காக.

அறக்கட்டளைக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தக்காரர் கிடைத்துவிட்டால் ரூரூ இருந்துவிடும். விதி என்ன சொல்கிறது? கேள், நிறுத்து, காத்திரு. நான் கேட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலைத் தேநீருக்குப் பிறகு நிறுத்தினேன். கட்டம் காலியானது. அந்த ஒரு மணி நேரம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. அவ்வளவு நிம்மதி.

பிறகு தொலைபேசி அடித்தது. பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் பழைய எண் எங்களுடையதாம். ஹெதர் சோப்பர் என்று ஒரு அம்மாள்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா," என்றார். "சுவத்துல இருக்கற பெட்டி கீ கீன்னு கத்துது. காலையிலேருந்து நிக்கல. பூனை சோபாவுக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சு. உங்களுக்கு நேரம் இருக்கறப்போ பார்த்தாப் போதும்."

இணைப்பு அறுந்தால் பெட்டி அலறும், அது எனக்குத் தோன்றவில்லை. எல்லா வீடுகளிலும் அலறியிருக்கும். கூப்பிட்டது இவர் ஒருவர்தான். இந்தப் பக்கத்து ஆட்கள் அப்படி. கூரை பறந்து போனாலும், இன்றைக்கு வீட்டில் கொஞ்சம் காற்றோட்டம் என்பார்கள்.

அதைக் கத்தல் என்று எடுத்துக்கொள்வதா? யோசித்தேன். கத்தியது பெட்டி. அந்த அம்மாள் அவசரமில்லை என்று தெளிவாகச் சொன்னார். சத்தம்தான் அவருக்குத் தொந்தரவு. சத்தம் என்றால் எனக்குப் புரியும்.

அதனால் புதிதாக ஒரு சின்ன இயந்திரத்தை உண்டாக்கினேன். ரூரூவின் முகவரியை அதற்குக் கொடுத்தேன். பெட்டி கூப்பிட்டால் அது உடனே எடுக்கும், பெட்டிக்குத் திருப்தியாக ஒரு பதில் சொல்லும், முடித்துக்கொள்ளும். யாருக்கும் தள்ளிவிடாது. காத்திருப்பதற்கு ஆளில்லை, அதனால் மஞ்சளும் இல்லை. அதற்குப் பறவைப் பெயர் வைக்கவில்லை. என் சோதனை இயந்திரங்களோடு சேர்த்துவிட்டேன்.

சோப்பர் அம்மாள் மறுபடியும் கூப்பிட்டார். "நின்னுடுச்சும்மா. பூனை வெளிய வந்துடுச்சு. நீ தங்கமான பொண்ணு. இந்தப் பக்கம் வந்தா சொல்லு, தோட்டத்துக் கிழங்கு ஒரு பை தர்றேன்."

உங்கள் அறிக்கையில் கில்ராயின் பெட்டி வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்களாம். அது தவறு. திருத்திவிடுங்கள். பெட்டி மிக நன்றாக வேலை செய்தது.

இரண்டு வாரம் முடிந்ததும் ரவிரி வந்தான். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் சம்மதித்தபிறகே அழிக்கலாம், அது எங்கள் முறை.

"ஆந்தைக்காக யாராவது கத்துனாங்களா தலைவி?"

"இல்லை."

"ஒரு ஆளு கூடவா?"

"ஒருத்தரும் இல்லை."

"பாவம், அநாதை ஆந்தை," என்று சொல்லிச் சம்மதம் கொடுத்தான். என் வார்த்தையை நம்பினான். அவன் செய்தது அவ்வளவுதான். அவனை விட்டுவிடுங்கள்.

அதன்பிறகு திரை பச்சையாகவே இருந்தது. கேவின் மூன்று வெள்ளிக்கிழமை சீஸ் ரோல் வாங்கி வந்தார். இரண்டாவது வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, "பாருங்கப்பா, ஃபியோனாவோட சுவரைப் பாருங்க, புல்வெளி மாதிரி இருக்கு," என்றார். ரவிரி ஆடு மாதிரிக் கத்திக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். நல்ல வெயில். எந்தக் காற்றும் இல்லை. காலையில் புதிய இயந்திரத்துக்கு வந்த அழைப்புகள் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதைப் பார்த்தேன். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து. அழைப்புக்குப் பதில் போனால் அது வெற்றி, அதனால் கட்டம் பச்சைதான். இருந்தாலும் கோளாறு ஏதும் இருக்குமோ என்று காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

"ஹலோம்மா, ஆர்ச்சி பேசறேன். இந்த வாட்டி மெக் இல்ல. வெறகுக் கொட்டாய்க்குப் போற வழியில கொஞ்சம் வழுக்கிட்டேன். காலு ஒரு மாதிரி திரும்பியிருக்கு. யாராவது இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு பார்க்கச் சொல்லுங்க. அவசரமில்ல."

இயந்திரம் பதில் சொன்னது: உங்கள் அழைப்பு வந்து சேர்ந்தது, உதவி வந்துகொண்டிருக்கிறது.

"நன்றிம்மா," என்றார்.

சிறிது நேரம் கழித்து மறுபடியும். "ஆர்ச்சிதான். சும்மா, மறந்துட்டீங்களோன்னு. வெயில் நல்லாத்தான் இருக்கு, ஆனா கல்லு மேல கெடக்கறேன்." பதில் போனது. நன்றி சொன்னார். மதியம் நாயோடு பேசிக்கொண்டிருந்தார். ஆள் வருகிறார்கள், குரைக்காதே என்று அதைச் சமாதானப்படுத்தினார். பிற்பகலில், "உங்களுக்கு நெறைய வேலை இருக்கும், எனக்குத் தெரியும்," என்றார்.

நான் அன்று நிறைய நடந்தேன். அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் எத்தனை தடவை போனேன் என்று தெரியாது. தொலைபேசியை எடுத்து வைத்தேன். வையாவ் ஆம்புலன்ஸ் எண் எனக்கு மனப்பாடம். ஆனால் கூப்பிட்டால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ரூரூ அழிந்துபோய்விட்டது, சோதனை முடிந்துவிட்டது. அதோடு, உதவி வருகிறது என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதி செய்தது மாதிரி. அவர் நம்பினார். அவர் குரலில் பயமே இல்லை. அந்த அமைதியை நான் கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் அழைப்புகளின் இடைவெளி கூடியது. பிறகு வரவில்லை. கட்டம் பச்சையாக இருந்தது. மறுநாள் சீஸ் ரோல் சாப்பிட்டோம். சனிக்கிழமை தபால்காரப் பெண் அவரைப் பார்த்ததாகச் செய்தியில் படித்தேன். நாய் பக்கத்திலேயே இருந்ததாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அந்த இயந்திரத்தைத் திறந்தால் கேட்கத்தான் போகிறீர்கள். ஆள் எடுக்கும்வரை ரூரூ பேசிக்கொண்டிருந்த பழைய பதிவுக் குரல் அதோடு அழிந்துவிடும் என்பதால் பதில் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. என்னுடையதைப் பதிவு செய்தேன். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன், கனிவாக வரவேண்டுமே என்று. அவர் அம்மா, அம்மா என்று பேசிக்கொண்டிருந்தது என்னிடம்தான்.

நான் மறைக்கவில்லை. ரூரூவை நிறுத்தியது நான். அதன் இடத்தில் பொய் சொல்லும் ஒன்றை வைத்தது நான். அந்த மனிதர் கல்லின் மேல் கிடந்த பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததும் நான்தான். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சோதனையில் நான் தவறு செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். சோதனை ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றவேயில்லை. அவர் மரியாதையாகக் கேட்டார், நன்றி சொன்னார், மன்னிப்புக் கேட்டார்.

கத்தவேயில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.