மேல்மாடியில் யாரும் இல்லை என்ற மனு

என் பெயரும் வீட்டு முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் தனியே பதிவாகியுள்ளன. எனக்கு வயது ஐம்பத்தொன்று. நகராட்சி வருவாய்ப் பிரிவில் வீட்டுவரி ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய் அளப்பதும், வரி அதிகம் என்று மேல்முறையீடு செய்பவர்களின் வீட்டை மறுபடி பார்த்து அறிக்கை கொடுப்பதும் என் வேலை. இத்தனை வருடத்தில் யாரும் என்னை மனதார வாங்க என்று கூப்பிட்டதில்லை. சம்பந்தப்பட்ட வீட்டுக்காரரோடு எனக்கு உறவும் கிடையாது, பகையும் கிடையாது. அவருடைய அக்கா மேல் மட்டும் எனக்கு மரியாதை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்காரரை எங்கள் அலுவலகத்தில் மனுக்காரர் என்றுதான் சொல்வோம். அந்த மாடிவீடு அவர்களுடைய அப்பா விட்டுப்போனது, அக்கா தம்பி இருவர் பெயரிலும் இருக்கிறது. கீழே தம்பியும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மேலே, தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா இருந்தார். வீட்டை விற்கலாம் என்று தம்பி சொல்வதும், முடியாது என்று அக்கா சொல்வதும் தெருவுக்கே தெரியும். மனுக்காரர் ஒவ்வொரு மறுமதிப்பீட்டின்போதும் மேல்முறையீடு செய்வார். ஒருமுறை ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சிமெண்ட் பலகை தரையாகாது என்று அரை நாள் வாதாடினார். அதைத் தரை என்று யாரும் சொல்லவே இல்லை. இன்னொரு முறை மாடிப்படிக்குக் கீழே நிமிர்ந்து நிற்க முடியாது, ஆகவே அது இடமே இல்லை என்று சொல்லி, உள்ளே போய் குனிந்து நின்று காட்டி, ஜெயித்தும்விட்டார். அதிலிருந்து அவருக்கு ருசி கண்டுவிட்டது.

அந்தப் படிக்கட்டு வழக்குக்காக நான் அளக்கப் போனபோது மேல்மாடியில் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவர் அக்காதான். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அதில் கறுப்பு நூல் கட்டியிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் டேப்பில் இருக்கும் எண் தெரியவில்லை என்று சிரித்து, மறுபடி இறக்கிக்கொண்டார். அளந்து முடித்ததும் அவர், "என்னையும் எழுதிக்கோங்க தம்பி, நானும் இந்த வீட்டு ஆள்தான். விட்டா இவன் என்னையும் தள்ளுபடியில சேர்த்துடுவான்" என்றார். மனுக்காரர் படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன்.

இந்த வருடம் வந்த மறுமதிப்பீட்டுக்கும் மனுக்காரர் மேல்முறையீடு செய்தார். மேல்மாடியில் ஒரு வருடமாக யாரும் குடியில்லை, ஆகவே அந்தத் தளத்துக்குப் பாதி வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது மனு. அப்படிக் கேட்டால் ஆய்வாளர் நேரில் போய் ஒவ்வொரு அறையையும் திறந்து பார்த்து எழுதினால்தான் தள்ளுபடி கிடைக்கும். இது மனுக்காரருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனு போட்டார். கைக்கு எட்டுகிற தள்ளுபடியை விட்டுவிட அவருக்கு மனம் வராது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

கடந்த வியாழக்கிழமை காலை நான் அந்த வீட்டுக்குப் போனேன். மனுக்காரர் கதவைத் திறந்தார். அக்கா எங்கே என்று கேட்டேன். "சொந்தக்காரங்க வீட்டோட போயிட்டா சார், தூரத்துச் சொந்தம்" என்றார். தம்பியைத் தவிர அக்காவுக்கு வேறு நாதி கிடையாது என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு எங்கள் வழக்கப்படி முதலில் மின்சார மீட்டரைப் பார்த்தேன். ஆள் இல்லாத தளத்தின் மீட்டர் ஓடாது. வாய் சொல்வதைவிட அதைத்தான் நாங்கள் நம்புவோம். மேல்மாடி மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு ஃபேனை நிறுத்த மறந்திருப்பேன் என்றார். ஒரு வருடமாகவா என்று கேட்டேன். அவர் படியேறினார்.

அதன் பிறகு மேலே போய்ப் பார்த்ததில் முன்னறையிலும் சமையலறையிலும் சாமான் எதுவும் இல்லை. படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள் அடித்து, பூட்டு போட்டிருந்தது. கதவடியில் தரை ஈரமாக இருந்தது, பினாயில் வாடை அடித்தது. உள்ளே பழைய சாமான், சாவி தொலைந்துவிட்டது என்றார். அப்போது நான், "எல்லா ரூமையும் பார்க்காம எழுத முடியாதுங்க. மீட்டர் ஓடினா தள்ளுபடி கிடையாது. ஒரு ஆள் தங்கியிருந்தாலும் கிடையாது" என்று சொன்னேன். எனக்குக் கொஞ்சம் உரத்த குரல். தெருவில் கேட்டுக்கு வெளியே நின்று கத்திக் கத்தி வந்த குரல். நான் சொல்லி முடித்ததும் அறைக்குள்ளே நாற்காலியைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. மனுக்காரர், "பூனை சார், ஜன்னல் வழியா வரும்" என்றார். கீழே இறங்கி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோது அந்த ஜன்னல் சாத்தியிருந்தது.

அலுவலகத்துக்கு வந்து மேலாளரிடம் சொன்னேன். அவர், "நம்ம வேலை சதுர அடி. அவங்க குடும்பத்துக்குள்ள நாம போக வேண்டாம். நாளைக்கு உங்க மேலயே ஒரு மனு போடுவான்" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வெறும் பூனைக்காகப் போலீசைக் கூப்பிட்டவன் என்று பெயர் வாங்க வேண்டாமே என்று நினைத்தேன். மறு ஆய்வுக்குத் திங்கட்கிழமை என்று நோட்டீஸ் அனுப்பினேன்.

சனிக்கிழமை மனுக்காரரே போன் செய்து, சாவி கிடைத்துவிட்டது, தாராளமாக வரலாம் என்றார். அவர் என்னை வரச் சொல்லி அழைத்தது அதுவே முதல் தடவை. அந்த அழைப்புதான் எனக்கு மிகவும் பயத்தைக் கொடுத்தது.

இன்று காலை போனபோது கேட் திறந்தே இருந்தது. மனுக்காரர் தேய்த்த சட்டை போட்டு வாசலில் நின்றார். மேல்மாடி மீட்டரின் விளக்கு மின்னவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், மின்னவே இல்லை. அதன் பிறகு படியேறினேன். படுக்கையறைக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி, ஆணி ஓட்டைகளை அடைத்துப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். நகத்தால் அழுத்தினேன், அடைத்தது இன்னும் காயவில்லை, நகம் உள்ளே போயிற்று. நான்கு சுவருக்கும் புதிய வெள்ளை அடித்திருந்தது. கட்டில் கால் நின்ற இடங்களில் மட்டும் தரை வேறு நிறமாக இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், சுவரோரமாக, ஒரு காதில் கறுப்பு நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி இருந்தது. அதில் தூசியே இல்லை. அது இல்லாமல் டேப்பில் இருக்கும் எண்ணைக்கூட வாசிக்க முடியாதவர், அதை விட்டுவிட்டு எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்?

நான் அதைத் தொடவில்லை, பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அப்போது மனுக்காரரின் மனைவி டீ கொண்டுவந்தார். ரூம் சுத்தமாக இருக்கிறதே என்று பேச்சுக்குச் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கதானே சொன்னீங்க, ஒரு ஆள்கூட இருக்கக் கூடாதுன்னு" என்றார். மனுக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாமானைச் சொல்றா சார். நீங்க எழுதிக்கோங்க" என்றார்.

நான் டேப்பை எடுத்து, ஏற்கெனவே அளந்த அறையை மறுபடி அளந்தேன். குனிந்து முகத்தை மறைத்துக்கொள்ள எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மறுமுனையை மனுக்காரர் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு, யாரும் குடியில்லை என்று அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னார். முத்திரை அலுவலகத்தில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் கேட் வரைக்கும் வந்து, "இந்தத் தடவையும் நான்தான் ஜெயிச்சேன் போல" என்று சிரித்தார். தெருமுனை வரைக்கும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனேன். அங்கிருந்து அலுவலகத்துக்குப் போகாமல் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அதன் பிறகு அதிகாரிகளோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். அலமாரியில் இருந்த கண்ணாடி அக்காவுடையது என்று அடையாளம் காட்டினேன். சொந்தக்காரர் யார், எந்த ஊர் என்று கேட்டதற்கு மனுக்காரரால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. நான் இதைச் சொல்லும் இந்த நேரம்வரை அக்கா கிடைக்கவில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஆள் தங்கியிருந்தாலும் தள்ளுபடி கிடையாது என்ற சட்டத்தை வியாழக்கிழமை அந்தப் பூட்டிக் கிடந்த கதவுக்கு முன்னால் நின்று சொன்னேன். அக்காவுக்கு என் குரல் தெரியும். அந்த நாற்காலிச் சத்தம் அவர் எழுந்து கதவுப் பக்கம் வந்த சத்தம் என்று இப்போது நினைக்கிறேன். அளக்கிற தம்பி வந்துவிட்டான், தன்னையும் எழுதிக்கொள்வான் என்று என்னை நினைத்திருப்பார். நான் படியிறங்கிப் போனதும் அவருக்குக் கேட்டிருக்கும். இதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மறு ஆய்வுப் படிவத்தை இந்த நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து பூர்த்தி செய்துவிட்டேன். மேல்மாடியில் குடியிருப்போர் என்ற இடத்தில் ஒருவர், மனுக்காரரின் அக்கா, வீட்டின் இன்னொரு உரிமையாளர் என்று எழுதியிருக்கிறேன். ஆய்வின்போது அவரை எனக்குக் காட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். தள்ளுபடியை மறுத்துவிட்டேன்.

இதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது கூடாமல் குறையாமல் இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை என்று தெரிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வீட்டுவரி ஆய்வாளர்