தாளுக்கு அடியில்

என் தங்கை குட்டி குடையைத் தொலைக்காத மழைக்காலமே கிடையாது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மறதிக்காரி என்ற பெயர் அவளுக்கு முன்பே இருந்தது, நான் வைத்ததல்ல.

அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. வளர்த்தது நான். நான் கருவிகளைப் பராமரிக்கும் கூடத்திலேயே அவளுக்கும் ஆராய்ச்சி இடம் கிடைத்ததும் நிம்மதியாக இருந்தது. ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாம் அல்லவா.

அவள் செய்த வேலையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள், நிக்கல் பரப்பின் மேல், ஒரே ஓர் அணு கனமுள்ள கரித்தாளை, அதாவது கிராஃபீனை, வளர்ப்பாள். உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொள்வதால் அந்தத் தாள் தன் இயல்பை இழந்துவிடும். சூடாக்கி சீசியம் ஆவியைக் காட்டினால், சீசியம் அணுக்கள் தாளின் அடியில் புகுந்து அதை நிக்கலிலிருந்து விடுவிக்கும், எலக்ட்ரான்களையும் கொடுக்கும். எவ்வளவு புகுந்தால் தாள் எப்படி மாறும் என்பதைக் குட்டி அளந்து காட்டினாள். கட்டுரை வந்தது. கடல் கடந்த ஒரு பெரிய கூடத்திலிருந்து அழைப்பும் வந்தது.

"இன்னொரு தடவை செஞ்சு காட்டிட்டா போதும்க்கா. வேலை கைக்கு வந்த மாதிரிதான்."

"அங்க போய்த் தனியா என்னடி பண்ணுவே?"

"எல்லாரும் பண்றதைத்தான்."

நான் கோபப்படவில்லை. அவள் தாளைச் சூடாக்கும் நேரம் பார்த்து, கலத்தோடு இணைந்த ஆக்ஸிஜன் குழாயின் வால்வை மயிரிழை திறந்தேன், அவ்வளவுதான். சீசியத்தோடு ஆக்ஸிஜனும் அடியில் புகுந்தது. ஒன்று கொடுத்ததை மற்றது பிடுங்கிக்கொண்டது. தாள் கிழியவில்லை. அளவுகள் மட்டும் தலைகீழாக வந்தன. அழுத்தமானி என் பொறுப்பில் இருந்தது. அப்போது அது எதையும் காட்டாதபடி பார்த்துக்கொண்டேன்.

"காத்து கசியுதாக்கா?"

"நானே பார்த்தேன், ஒண்ணும் இல்லை. நீதான் வால்வை மூட மறந்திருப்பே."

அதன்பின் ஒவ்வொரு முறையும் கெட்டுப்போயிற்று. வால்வை என் கண்ணெதிரே இறுக்கி மூடிவிட்டு, கதவு வரை போய்த் திரும்பி வருவாள்.

"மூடினேனாக்கா?"

"இல்லையே" என்பேன்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "முதல்ல வந்த முடிவு நிஜந்தானா? இல்ல, நானா எண்களை எழுதிக்கிட்டேனா?"

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அசதியில எழுதியிருப்பேடி. விடு, யாரும் செய்யாததா?"

அதைக் கேட்டதும் அவள் முகத்தில் ஓர் அமைதி வந்தது. எனக்கும் மனம் லேசாயிற்று. மறுநாளே பேராசிரியரிடம் போய், கட்டுரையில் இருப்பது பொய் என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். இப்போது விசாரணைக்காக உங்கள் கையில் இருக்கும் காகிதம் அதுதான்.

அந்த வாரமே மாடியிலிருந்து விழுந்தாள். விழுந்தாள் என்றுதான் மருத்துவரிடம் சொன்னேன். கைப்பிடிச்சுவர் எவ்வளவு உயரம் என்று அவர் கேட்கவில்லை. என் மார்பளவு; ஏறாமல் விழ முடியாது.

இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். நன்றாகச் சாப்பிடுகிறாள். எங்கேயும் போக வேண்டும் என்று கேட்பதில்லை.

நீங்கள் வீட்டுக்கு வந்து அவளை விசாரிக்கப்போவதாகச் சொன்னதால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அவள் எண்கள் எல்லாமே நிஜம், ஒன்றுகூடப் பொய்யில்லை. கெடுத்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?