யாரும் திருத்தலாம்

இணையதளம் அமைக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், இன்றும் நான் பொறுமையாகத்தான் பதில் சொல்வேன், சார். யார் எழுதப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பேன்.

என் தங்கையின் கணவர் பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோயாளி, இடுப்பில் இன்சுலின் பம்ப் கட்டியிருப்பார். அதை இயக்கத் தங்கை ஒரு மென்பொருள் எழுதினாள். காசு வேண்டாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்தாள். முகம் தெரியாத பலர் உதவிக்கு வந்தார்கள். சர்வரை நான் பார்த்துக்கொண்டேன்.

பயன்படுத்தும் முறையை விளக்க ஒரு தளம் தேவைப்பட்டது. பக்கங்களை வெறும் எழுத்துக் கோப்புகளாக வைப்போம், யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்துச் சரி சொன்ன பிறகே தளத்தில் ஏறட்டும் என்றேன். அவளுக்கு விக்கிதான் வேண்டும். பிரவுசரில் யாரும் எழுதலாம், எழுதியது உடனே தெரியும்.

"நோயாளிங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் எழுதணும் அண்ணா. அவங்களைப் போய் உங்க வழியைக் கத்துக்கச் சொல்ல முடியுமா?"

"யாராவது தப்பா எழுதிட்டா?"

"இத்தனை பேர் பாக்கறாங்களே. உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. உங்களுக்கு எதை எடுத்தாலும் பூட்டு போடணும்."

எங்கள் குழுவின் கூட்டத்தில்தான் இந்தப் பேச்சு; எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூட அவள் பக்கம்தான் கை தூக்கினார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமில்லை, சார். செருப்பு வாங்கக்கூட என்னைக் கேட்காமல் போகாதவள் அவள். அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

புதிதாகப் பம்ப் பொருத்துபவர்கள் உடல் எடையை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிட, தளத்தில் ஒரு வரி இருந்தது. பெயர் காட்டாமல் உள்ளே போய், அதிலிருந்த தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தேன். பத்து மடங்கு. அடுத்த கூட்டத்தில் திரையில் காட்டி, யாருமே கவனிக்கவில்லை பார் என்று சொல்வதற்காக. உண்மையில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் மாப்பிள்ளை போன் செய்தார். தங்கை வேலைக்குப் போயிருந்தாள், போனை எடுக்கவில்லையாம்.

"மச்சான், பழைய பம்ப் நின்னுபோச்சு. அவ போட்டு வெச்ச என் அளவெல்லாம் அதோடயே போயிடுச்சு. புதுசுக்கு சைட்ல இருக்கிற கணக்கையே போடட்டுமா? நம்பர் ரொம்பப் பெருசா வருதே."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். மாற்றியது யார் என்று பேச்சு வரும். கூட்டத்தில் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது.

"உங்க வீட்டம்மா வெச்ச சைட்டுதானே மாப்பிள்ளை. அதுல இருக்கிறபடியே போடுங்க."

"நீங்க சொன்னா சரி மச்சான்."

என் குரல் நடுங்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, டீ போட்டு எடுத்து வந்து தோளைத் தொட்டு எழுப்பினாளாம். முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவர் எந்திரிக்க மாட்டேங்கறாரு."

கிளம்பும் முன் கணினியைத் திறந்து புள்ளியைப் பழைய இடத்தில் வைத்தேன். வேறு யாருக்கும் ஆபத்து வரக் கூடாது அல்லவா?

காரியங்கள் முடிந்து சில நாள் கழித்து, அந்தக் கணக்கு வரியை யாரோ மாற்றித் திரும்பச் சரிசெய்திருப்பதை விக்கியின் பழைய பதிவுகளில் அவளே கண்டுபிடித்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விக்கிதான் வேணும்னு அடம்பிடிச்சது நான்தானே அண்ணா. நானே அவரைக் கொன்னுட்டேன். நீங்க அப்பவே சொன்னீங்க."

நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். நீ இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

தளத்தை என் வழிக்கே மாற்றிவிட்டோம். அவள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். படு என்றால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். மாற்றியவனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்ததுதான் அவள் என்னைக் கேட்காமல் செய்த ஒரே காரியம்.

நான்தான் மாற்றினேன். அவர் கேட்டபோது தெரிந்தேதான் போடச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சார். பாவம், நம்பிச் சாய்ந்துகொள்ள அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?