தேன் பூசிய சால்மன்

சால்மன் மீன் சமைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். வேலை முடித்துக் களைத்து வீடு திரும்புகிறவர்களுக்கென்றே படைத்த மீன் அது. முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டாம், செதில் உரிக்க வேண்டாம், புளியைக் கரைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம். கொஞ்சம் தேன், கொஞ்சம் சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, அரை மூடி எலுமிச்சை. எல்லாவற்றையும் கலந்து லேசாகச் சுண்டவைத்து, மீன்மேல் பிரஷ்ஷால் பூசி, கோடு கோடாக இருக்குமே அந்த கிரில் தவாவில் போட்டால் போதும். குக்கரில் சாதம் அடங்குவதற்குள் மீன் பளபளவென்று தயாராகிவிடும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அப்படி எடுத்த மீன் ஸ்பூன் பட்டாலே இதழ் இதழாகப் பிரியும். கொஞ்சம் விட்டுவிட்டால் சதை காய்ந்து கட்டிப்படும். தேன் பாகாகி இறுகி, கமர்கட்டு மாதிரி பல்லில் ஒட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் வேலை செய்யும் அஞ்சலையிடம் தண்ணீரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மீனைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.

அஞ்சலை பாவம். அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுது அழுது முகமெல்லாம் வீங்கிவிட்டது. அவளை அனுப்பிவிடுங்கள். வீடு காட்டுப்பாக்கத்தில், பஸ் பிடித்துப் போக வேண்டும். அவள்மேல் புகார் கொடுத்திருப்பது என் மைத்துனர் கன்னியப்பன். தங்கை போன துக்கத்தில் ஆவடியிலிருந்து ஓடி வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் அஞ்சலை மாரில் அடித்துக்கொண்டு "நாந்தான் தண்ணி குடுத்தேன்" என்று கதறியதைக் கேட்டதும் அவள்மேல் பாய்ந்துவிட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி எழிலரசி அம்பத்தூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் கம்பெனியில் சொல்லி வீட்டிலிருந்தே வேலை என்று வாங்கிக்கொண்டேன். பகலில் துணைக்கு அஞ்சலை. மற்றபடி குளிப்பாட்டுவது, தலை வாருவது, உடை மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். வானகரத்தில் எங்கள் அடுக்குமாடியில் போய் விசாரித்துப் பாருங்கள். விஷ்ணு மாதிரி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். மகளிர் தினத்தன்று சங்கத்தில் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடையே போர்த்தினார்கள். எழிலைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தேன். அவள் கைதட்டவில்லை. ஒரு கையால் எப்படித் தட்டுவது, நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொன்னால், எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம் அதுதான். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் பேச்சு வளரும். பள்ளியில் நான் கொண்டு விட்டு நானே கூட்டி வருவதில் அவளுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அவள் போனை நான் பார்ப்பதும் ஓர் அக்கறையில்தான். நான் கை நீட்டியவன் இல்லை, மேடம். அதை அவள் அண்ணனே சொல்வார்.

சிகிச்சைக்கு வந்தவர் பெயர் ஜஸ்டின். பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் அவர்தான் கொடுத்தார். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டையும் மரத்துவிடுமாம். சாப்பாடு போக வேண்டிய வழியை விட்டு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதனால் நிமிர்ந்து உட்கார வேண்டும், முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்க வேண்டும், வாயில் சாப்பாடு இருக்கும்போது பேச்சே கூடாது. எல்லாவற்றையும்விட ஆபத்து பச்சைத் தண்ணீர். அதற்கென்று ஒரு பொடி கொடுத்திருந்தார். கலந்தால் தண்ணீர் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும். தினமும் காலையில் நான் ஃபிளாஸ்கில் கலந்து வைத்துவிடுவேன். அஞ்சலையிடம் அது மருந்துத் தண்ணீர், அதை மட்டும் கொடு என்றுதான் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. முதலில் விளக்க நேரமில்லாமல் விட்டது. பிறகு, விளக்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

எழில் நன்றாகத் தேறி வந்தாள். மசித்த இட்லியிலிருந்து குழைந்த சாதத்துக்கு வந்தாள். ஒரு வியாழக்கிழமை ஜஸ்டின் முன்னால் முதல் வார்த்தையும் வந்தது.

"பெட்டி" என்றாள்.

ஜஸ்டினுக்குத் தலைகால் புரியவில்லை. "சூப்பர் மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க. எந்தப் பெட்டி?" என்றார். அவள் இடது கையைத் தூக்கி அலமாரியைக் காட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள். ஊட்டிக்குப் போகலாம் என்று பெட்டி கட்டி வைத்திருந்தோம் சார், அதைச் சொல்கிறாள் என்றேன். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஜஸ்டின் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கவலைப்படாதீங்க விஷ்ணு. தீபாவளிக்குள்ள உங்ககிட்ட முழுசா பேசிடுவாங்க பாருங்க" என்றார்.

அந்தப் பெட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஜனவரியில், அவள் விழுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "கோயம்புத்தூர்ல ஒரு ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கு. நான் மட்டும் போறேன். தேட வேண்டாம், அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்." சண்டை இல்லை, அழுகை இல்லை. காய்கறி வாங்கப் போவதாகச் சொல்வதுபோல் சொன்னாள். மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹால்வரை வந்தவள், அங்கேயே சரிந்து விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் பையன்கள் வருவார்கள், எதிர்வீட்டுக்காரர்கள் வருவார்கள், நடுக்கூடத்தில் பெட்டி கிடந்தால் என்ன நினைப்பார்கள். அதனால் முதலில் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். எல்லாம் அவள் மடித்தபடியே, நிறவாரியாக. ரவிக்கைகளை அதற்குரிய தட்டில் வைத்தேன். சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். காலிப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். அப்புறம்தான் போன் செய்தேன். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கையும் பேச்சும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். தூக்கத்தில் வந்திருக்கும் போல, நான் எழுந்து பார்த்தபோது இப்படிக் கிடந்தாள் என்று சொன்னேன். அவள் தரையில் கிடந்தபடி நான் எடுத்து வைத்ததை எல்லாம் பார்த்திருக்கிறாள். ஒன்பது மாதமாக அது அவள் வாய்க்குள்தான் இருந்தது. இப்போது வாய் திறக்க ஆரம்பித்துவிட்டது.

ஊர் என்ன பேசும் என்று பயந்தேன் என நினைக்காதீர்கள். அது இரண்டாம்பட்சம். பேச்சு வந்தால் அவள் போய்விடுவாள். அண்ணன் வந்து கூட்டிப் போய்விடுவார். கோணிய வாயோடு, ஒரு பக்கம் இழுத்த காலோடு இருக்கிறவளுக்கு வேறு யாரோ ஊட்டுவார்கள். என்னால் அதைத் தாங்க முடியாது. அது அவளுக்கும் நல்லதில்லை.

புரட்டாசி முடிந்த அந்த வாரம் மீன் கொடுக்கலாமா என்று ஜஸ்டினிடம் கேட்டேன். தாராளமாக, முள்ளில்லாமல் மெத்தென்று இருக்க வேண்டும் என்றார். சந்தையில் ஒரு அம்மா, "சால்மனா? இந்தா சார் காலா, நம்மூரு சால்மன் இதான்" என்று எடுத்துப் போட்டார். நான் வாங்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் உறையவைத்த சால்மன் துண்டுகள்தான் வாங்கினேன். செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் என்பது என் சுபாவம்.

அஞ்சலை வழக்கமாக விளக்கு வைத்ததும் கிளம்பிவிடுவாள். அன்று இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். சமையலறை வாசலில் நின்று நான் பூசுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார் இது, மீனுக்குப் போயி தேன ஊத்திகினு கீறீங்கோ. காரமா கொழம்பு வச்சி சோத்துல பெசஞ்சி குடுத்தா அக்கா நல்லா சாப்டும் சார். இல்லக்கா?"

எழில் வாயின் இடது பக்கத்தால் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவளுக்குப் புளிப்பும் காரமுமாக மீன் குழம்புதான் பிடிக்கும், எனக்குத் தெரியும். எனக்கு அந்த வாசனை வீட்டுக்குள் தங்குவது ஆகாது. அதனால் கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் வைத்ததில்லை.

அஞ்சலைக்கான துண்டை முதலில் எடுத்தேன். இதழ் இதழாக வந்தது. எழிலுடையதை விட்டுவைத்தேன். தேன் கறுத்து இறுகும்வரை நின்று பார்த்தேன். பிறகு எடுத்து ஆறவைத்தேன். ஃபிளாஸ்கைச் சமையலறையிலேயே வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் அஞ்சலையின் கைக்கு எட்டும்படி ஒரு சொம்பு தண்ணீரும் தம்ளரும் வைத்தேன். எனக்கு இன்னொரு துண்டைத் தவாவில் போட்டுவிட்டு வந்து எழில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு வாய் வெறும் குழைந்த சாதம். நன்றாக விழுங்கினாள். மூன்றாவது வாய்க்கு மீன். ஸ்பூனில் பெரிதாகத்தான் எடுத்தேன். அவள் மெல்வதற்குச் சிரமப்பட்டாள். அப்போது முகவாயில் இரண்டு விரல் கொடுத்து அவள் முகத்தை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

"எழில், அன்னிக்கு நீ என்னை விட்டுட்டுப் போறேன்னு சொன்னியே. இப்பவும் போகணும்னுதான் நெனைக்கிறியா?"

அவ்வளவுதான், மேடம். ஒரு புருஷன் மனைவியிடம் கேட்கக் கூடாத கேள்வி இல்லை அது. ஒன்பது மாதமாகச் சொல்லக் காத்திருந்தவள் அவள். வாயில் மீன் இருப்பதை மறந்துவிட்டாள். பதில் சொல்ல மூச்சை இழுத்தாள்.

நம் ஊரில் புரையேறினால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். உச்சந்தலையில் தட்டுவார்கள். யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். ஒரு தம்ளர் தண்ணீரை வாயில் வைப்பார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் கை தானாகப் போகும். ஜஸ்டின் அதைத்தான் முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார், செய்துவிடாதீர்கள் என்று. முன்பக்கம் குனியவைத்து முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே அடிக்க வேண்டும் என்று எனக்குச் செய்தும் காட்டினார். அவர் செய்துகாட்டிய அன்று அஞ்சலை லீவு.

எழிலுக்குப் புரையேறியதும் அஞ்சலை தன் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அய்யய்யோ, பொற ஏறிக்கிச்சி. ஒண்ணியும் இல்லக்கா, யாரோ நெனச்சிகினு கீறாங்கோ. இந்தா, தண்ணி குடிக்கா" என்று உச்சியில் தட்டினாள். நினைத்துக்கொண்டிருந்தது நான்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. தம்ளரை வாயில் சாய்த்தாள். எழில் தலையைத் திருப்பப் பார்த்தாள். நான் முகவாயை விடவில்லை. தண்ணீர் உள்ளே போகும்வரை நிமிர்த்தியே பிடித்திருந்தேன். அஞ்சலை பயந்துபோய் இன்னொரு தம்ளர் ஊற்றினாள். அதற்கும் பிடித்திருந்தேன். சமையலறையில் என் துண்டு தீய்ந்து வீடெல்லாம் புகை. எழில் அடங்கிய பிறகுதான் போய் அடுப்பை அணைத்தேன்.

அஞ்சலை உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று படித்துக் காட்டினீர்கள். "சார் கடைசி வரிக்கும் அக்கா மூஞ்சியத் தாங்கிப் புடிச்சிகினு இருந்தாரு, அவரு மாரி ஒரு மன்சன் கெடைக்க மாட்டாரு." அவள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னாள். என் வாக்குமூலத்தில் அதற்குத் திருத்தமாக இதை எழுதிக்கொள்ளுங்கள். மீன் என்னுடையது, கேள்வி என்னுடையது, பிடித்தது என் கை. அஞ்சலை செய்தது தண்ணீர் கொடுத்தது மட்டும்தான். தாகத்துக்குக் கொடுப்பதுபோல்தான் கொடுத்தாள். என் மனைவியை நான்தான் கொன்றேன்.

இந்த மணிக்கட்டைப் பற்றி நேற்றே கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. நாலு நகமும் பதிந்திருக்கிறது, ஒரு இடத்தில் தோல் பிய்ந்திருக்கிறது. இது எழிலின் இடது கை. எத்தனையோ சாயங்காலம் நான் அந்தக் கையை எடுத்து என் கைமேல் வைப்பேன். வைத்த உடனே உருவிக்கொள்வாள். அன்று அவளாகவே வந்து பிடித்தாள். எலும்பு வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தாள், உயிர் போகும்வரை விடவில்லை. நான் கேட்டதற்கு அதுதான் பதில், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு என்னை விட்டுப் போக மனசே இல்லை, மேடம்.